சுவரில் எத்தனை நிழல்?

ஆபரேட்டர் பதில்கள்

போன இதழில் கார்பன் விளக்கைப் பற்றி எழுதும்போது, கேமராமேனும் டைரக்டருமான பாலு மகேந்திராவின் படப்பெட்டி தியேட்டருக்கு வந்தாலே ஆபரேட்டரான எனக்கு வயிற்றைக் கலக்கும் என்று ஒரு வரி எழுதிவிட்டேன். அந்த ஒரு வரிக்கு வந்த கடிதங்களை வைக்க மேஜையில் இடமில்லை. பாதிப் பேர் கோபமாக எழுதியிருக்கிறார்கள், பாதிப் பேர் காரணம் கேட்டிருக்கிறார்கள். ஆகவே இந்த இதழ் முழுக்க அவர்தான். அவரைப் பிடிக்காதவர்கள் அடுத்த இதழில் வந்து சேர்ந்துகொள்ளுங்கள்.

பாலு மகேந்திரா படம் ஓட்டுவது உங்களுக்கு அவ்வளவு கசந்ததா?
(திண்டுக்கல் வாசகர்)

கசக்கவில்லை ஐயா, இருட்டியது.

நான் வேலை பார்த்தது ஒரு சின்ன ஊர் தியேட்டர். இரண்டு மெஷின், இரண்டிலும் கார்பன் ஆர்க். இரண்டு கரிக்குச்சிகளை எதிரெதிரே வைத்து நடுவில் நெருப்பு எழுப்ப வேண்டும். எரிய எரியக் குச்சி தேயும், திருகைத் திருகித் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். இடைவெளி கொஞ்சம் கூடினால் திரையில் வெளிச்சம் நீலம் பாரித்து நடுங்கும். சாயங்காலம் ஊரெல்லாம் விளக்குப் போட்டதும் வோல்டேஜ் இறங்கும், ஆர்க்கும் சோர்ந்து போகும்.

மற்ற படங்களுக்கு இது பெரிய விஷயமில்லை. அவை கல்யாண மண்டபம் மாதிரி எரிந்துகொண்டிருக்கும். பாதி வெளிச்சம் போனாலும் ஹீரோ தெரிவார். இவர் படத்தில் பாதி முகம் ஏற்கெனவே நிழலில் இருக்கும். நான் அசந்தால் மீதிப் பாதியும் போய்விடும். 'மூன்றாம் பிறை' எங்கள் ஊருக்கு வந்த முதல் நாள் சாயங்காலக் காட்சியில் தரை டிக்கெட்டிலிருந்து ஒரு குரல்: "டேய் ஆபரேட்டர், தூங்கறியா?" முதலாளி படியேறி வந்து, "என்னப்பா, படம் பூரா கரெண்ட் கட்டா?" என்று கேட்டார். பிரிண்டே அப்படித்தான் என்றேன், நம்பவில்லை.

மறுநாள் விளக்குக்குப் பின்னால் இருக்கும் கண்ணாடியைத் துடைத்து, ரீலுக்கு ரீல் புதுக் குச்சி மாட்டி ஓட்டினேன். அப்போதுதான் அந்த இருட்டுக்குள் ஒரு அலமாரியும் அதன்மேல் ஒரு பொம்மையும் இருப்பதே தெரிந்தது. கணக்குக்கு மேல் கார்பன் எரித்ததாகச் சொல்லி அந்த மாதச் சம்பளத்தில் பிடித்துக்கொண்டார்கள். வயிற்றைக் கலக்கியதற்குக் காரணம் அதுதான்.

அவர் லைட்டே போடாமல் படம் எடுத்தவர் என்று எங்கள் வகுப்பில் சொல்கிறார்கள். நிஜமா?
(விஷுவல் கம்யூனிகேஷன் மாணவி, கோவை)

பாதி நிஜம், மகளே.

உன் கையில் இருக்கும் கேமரா மெழுகுவத்தி வெளிச்சத்திலேயே முகத்தைக் காட்டிவிடும். அந்தக் காலத்துக் கலர் ஃபிலிம் சோம்பேறி. அதன் வேகம், அதாவது வெளிச்சத்தை வாங்கிக்கொள்ளும் திறன், 100 ஏ.எஸ்.ஏ. இன்றைய டிஜிட்டல் கேமராவில் சர்வசாதாரணமாக வைக்கிற 800-இல் எட்டில் ஒரு பங்கு. வீட்டுக்குள் ஜன்னலைத் திறந்து, லென்ஸையும் முழுக்கத் திறந்து வைத்தால் ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பவர் பதிவார், நாலடி உள்ளே நிற்பவர் கரியாகிவிடுவார். எனவே வேண்டிய இடத்தில் விளக்குப் போட்டுத்தான் ஆக வேண்டும். அதை எங்கிருந்து போடுவது என்பதில்தான் அவருக்கும் கோடம்பாக்கத்து வழக்கத்துக்கும் ஒத்துப்போகவில்லை.

வழக்கம் என்னவென்றால், செட்டுக்கு மேலே பரண் கட்டி வரிசையாக விளக்கு வைப்பார்கள். முகத்துக்கு ஒன்று, அந்த விளக்கு போடும் நிழலை அழிக்க ஒன்று, தலைமுடி மினுங்கப் பின்னாலிருந்து ஒன்று, சுவருக்கு ஒன்று. ஏதாவது ஒரு பழைய படத்தில் ராத்திரிக் குடிசைக் காட்சியை நிறுத்திவைத்துப் பார். நடுவில் ஒரே ஒரு அரிக்கேன் விளக்கு இருக்கும். சுவரில் ஹீரோவுக்கு மூன்று நிழல் இருக்கும். அதில் ஒன்று அரிக்கேன் இருக்கிற பக்கமே விழுந்துகிடக்கும்!

பாலு மகேந்திரா படத்திலும் அதேபோல நிழலை எண்ணு. அநேகமாக ஒன்றுதான் தேறும், அதுவும் ஓரம் கரைந்து கிடக்கும். ஜன்னல் இடப்புறம் இருந்தால் இடது கன்னம் துலங்கும், வலது கன்னம் மங்கும். மங்கினால் மங்கட்டும் என்று விட்டுவிடுவார். விளக்கு வேண்டுமென்றால் அதை நேராக முகத்தில் அடிக்காமல் வெள்ளைத் துணியிலோ தெர்மோகோல் அட்டையிலோ அடித்து, மோதித் திரும்பி வருகிற வெளிச்சத்தை வாங்கிக்கொள்வது ஒரு முறை. 'பவுன்ஸ்' என்பார்கள். அந்த வெளிச்சமும் ஜன்னல் இருக்கிற திசையிலிருந்தே வர வேண்டும். பார்க்கிறவனுக்கு அது ஜன்னலாகவே தோன்றும், அதன் பின்னால் ஒரு விளக்கு இருந்ததே தெரியாது.

இதை அவர்தான் கண்டுபிடித்தார் என்று யாராவது சொன்னால் நம்பாதே. சத்யஜித் ராயின் ஒளிப்பதிவாளர் சுப்ரத மித்ரா 1956-இல் வந்த 'அபராஜிதோ'வுக்கே வெள்ளைத் துணியை இழுத்துக் கட்டி இந்த வேலையைச் செய்திருக்கிறார். புனே திரைப்படக் கல்லூரியில் ஒளிப்பதிவு படித்துத் தங்கப் பதக்கத்தோடு வெளியே வந்த பாலு மகேந்திராவுக்கு இதெல்லாம் பாடம். அந்தப் பாடத்தை கமலும் ஸ்ரீதேவியும் நடித்து, பெரிய கம்பெனி எடுத்து, எங்கள் தரை டிக்கெட் வரை வந்த 'மூன்றாம் பிறை'யில் செய்து காட்டினாரே, அதுதான் துணிச்சல். இருட்டாக எடுத்தால் விநியோகஸ்தர் ஃபோனில் கத்துவார், தெரியுமா?

நீங்கள் படப்பிடிப்பில் இருந்தவர் போலப் பேசுகிறீர்கள். அவரை நேரில் பார்த்ததுண்டா?
(சேலம் வாசகர்)

ஒரு முறைகூட இல்லை. அவர் ஃபிலிமை விரலால் தொட்டிருக்கிறேன்.

பழைய பிரிண்ட் என்றால் ஓட்டையருகே கிழிந்து அறுந்துபோகும். இரண்டு பக்கமும் சீவி ஒட்டும்போது மேஜை விளக்கின்மேல் வைத்து, கைக்கடிகாரக் கடைக்காரர் கண்ணில் மாட்டுவாரே, அந்த மாதிரி ஒரு லென்ஸில் பார்ப்பேன். ஒரு அடி ஃபிலிமில் 16 கட்டம். ஒரு விநாடிக்கு 24 கட்டம் ஓடும். நின்று பார்க்க எனக்கு மட்டும்தான் வாய்ப்பு.

எந்தப் படமானாலும் நான் முதலில் பார்ப்பது கண்மணிக்குள் இருக்கும் வெள்ளைப் புள்ளியை. நேர் விளக்கில் எடுத்த முகத்தில் அது ஊசி குத்தினாற்போல் இருக்கும். இரண்டு விளக்கென்றால் இரண்டு புள்ளி. ஜன்னல் வெளிச்சத்தில் எடுத்த முகத்தில் புள்ளிக்குப் பதிலாக ஒரு சின்னச் சதுரம் படிந்திருக்கும், ஜன்னலே உள்ளே போய் உட்கார்ந்த மாதிரி. நாயகி அழுதால் அந்தச் சதுரம் கலங்கும். 'மூன்றாம் பிறை'யில் அறுந்த இரண்டு கட்டங்களை நான் தூக்கிப் போடாமல் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். எல்லா ஆபரேட்டரும் செய்த திருட்டுதான் அது. பெண்டாட்டி சட்டையைத் துவைத்ததில் போய்விட்டது.

ஊட்டியை விட்டால் அவருக்கு வேறு ஊரே தெரியாதா?
(ஈரோடு வாசகி)

வயநாடு தெரியும். அவர் ஒளிப்பதிவு செய்த முதல் படமான 'நெல்லு' (1974) அங்கே எடுத்ததுதான், கேரள அரசின் விருதும் வாங்கிக் கொடுத்தது. ஆனாலும் உங்கள் கேள்வியில் நியாயம் இருக்கிறது.

நம் சமவெளியில் பத்து மணிக்கு மேல் வெயில் உச்சந்தலையில் இறங்கும். கண் இரண்டும் குழியாகி, மூக்குக்குக் கீழே மீசை மாதிரி நிழல் விழும். அதைச் சரிசெய்ய முகத்துக்கு நேரே ஜிகினாத் தாள் ஒட்டிய ரிஃப்ளெக்டர் பிடிப்பார்கள். அதனால்தான் பழைய வெளிப்புறக் காட்சிகளில் எல்லாரும் கண்ணைச் சுருக்கிக்கொண்டு காதலிப்பார்கள். மலையில் மேகமே மல்லுத்துணி. வானம் முழுக்க ஒரே விளக்காகி, எந்தப் பக்கம் திரும்பினாலும் முகம் மெத்தென்று இருக்கும். அவருக்கு அது அட்டையும் துணியும் வேண்டாத இடம். அழகுக்காகப் போனாரா, வெளிச்சத்துக்காகப் போனாரா என்று கேட்டால் நான் இரண்டாவதைத்தான் சொல்வேன்.

'மூன்றாம் பிறை' கடைசிக் காட்சியை எத்தனை முறை பார்த்தாலும் அழுகை வருகிறது. மற்ற படங்களில் இதைவிடப் பெரிய சோகங்கள் உண்டு, அழுகை வருவதில்லை. ஏன்?
(தஞ்சாவூர் வாசகர்)

எனக்கு அந்த ரீல் மனப்பாடம். திரையைவிட அதிகமாக நான் பார்த்தது தலைகளை. கேபினிலிருந்து பார்க்கும் ஓட்டை வழியாக ஆபரேட்டருக்குத் தெரிவதே பின்னந்தலைகள்தான்.

கதை தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. விபத்தில் நினைவு தப்பி, மனதளவில் குழந்தையாகிவிட்ட விஜியை, ஊட்டிப் பக்கத்துக் கேத்தியில் பள்ளி ஆசிரியராக இருக்கும் சீனு காப்பாற்றி வைத்துப் பார்த்துக்கொள்கிறான். வைத்தியத்தில் அவளுக்குப் பழைய நினைவு திரும்புகிறது, நடுவில் வந்த சீனு அழிந்துபோகிறான். பெற்றோரோடு ரயிலில் கிளம்புகிறாள். மழையில், அடிபட்ட உடம்போடு நொண்டிக்கொண்டு வரும் சீனு, ஜன்னலுக்கு வெளியே நின்று, தன்னை நினைவுபடுத்த என்னென்னவோ செய்து பார்க்கிறான்.

அந்த 'என்னென்னவோ'வில்தான் விஷயம். சட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு குரங்காட்டம் ஆடுகிறான், குட்டிக்கரணம் அடிக்கிறான். அவன் அங்கே புதிதாக ஒன்றும் செய்வதில்லை. அவளைச் சிரிக்கவைக்க அந்த வீட்டில் ஆடிய அதே ஆட்டம்தான். நாமும் பார்த்துச் சிரித்ததுதான். படத்தின் நடுவில் பாதித் தியேட்டர் எழுந்து டீ குடிக்கப் போகிற இடத்தில் அதைச் சர்வசாதாரணமாகக் காட்டிவிட்டு நகர்ந்துவிடுவார். 'சுப்பிரமணி' என்று பெயர் வைத்த நாய்க்குட்டி விளையாட்டெல்லாம் முதல் தடவை பார்க்கும்போது சும்மா நேரம் போக்குகிற மாதிரிதான் இருக்கும். கடைசி ரீலில் அவை ஒவ்வொன்றாகத் திரும்பி வருகின்றன. இந்த முறை சிரிக்க வேண்டியவள் சிரிக்கவில்லை. பைத்தியக்காரன் என்று நினைத்துக்கொண்டு பார்க்கிறாள்.

இதே காட்சியை வேறொருவர் எடுத்திருந்தால் சீனுவுக்கு ஒரு பக்க வசனம் கொடுத்திருப்பார். நான் யார் தெரியுமா, உனக்காக என்னவெல்லாம் செய்தேன் தெரியுமா என்று. இங்கே வசனம் பேசுவதற்கு வாயே இல்லை. ஆட்டம்தான் அவர்கள் இரண்டு பேருக்குமான பாஷை, அதை இப்போது ஒருத்தருக்கு மட்டும்தான் தெரியும். ஜன்னலில்லாமல் ஒரு முகத்தில் வெளிச்சம் விழாத மாதிரி, முன்பே நமக்குக் காட்டாத ஒரு அசைவும் அந்தப் பிளாட்பாரத்தில் இல்லை.

பின்னந்தலைகளைப் பற்றிச் சொன்னேனே. சோகக் காட்சி என்றால் பெண்கள் பக்கம் முந்தானை மேலே போகும், ஆண்கள் பக்கம் பீடி பற்றவைப்பார்கள். இந்தக் காட்சிக்கு முதலில் ஒரு சிரிப்பு வரும். குரங்காட்டம் தொடங்கியதும் யாராவது நாலு பேர் பழக்கத்தில் சிரித்துவிடுவார்கள். அடுத்த நிமிஷம் அந்தச் சிரிப்பு நிற்கும். சிரித்த நாலு பேர்தான் கடைசியில் எழுந்திருக்க மாட்டார்கள்.

1982-க்கான தேசிய விருதில் சிறந்த நடிகர் கமல், சிறந்த ஒளிப்பதிவு பாலு மகேந்திரா. எங்கள் முதலாளி செய்தித்தாளை எடுத்துக்கொண்டு படியேறி வந்து, "அந்த இருட்டுக்கா கொடுத்திருக்கான்?" என்றார். சம்பளத்தில் பிடித்ததைத் திருப்பித் தரவில்லை.

அவர் படங்களில் பாட்டுக்கு உதடு அசைவதே குறைவு. பாட்டு பிடிக்காதவரா?
(நாகர்கோவில் வாசகி)

பிடிக்காதவர் 'மூடுபனி'யில் தொடங்கி இளையராஜாவோடு அத்தனை வருஷம் குடித்தனம் நடத்துவாரா அம்மா? 'மூடுபனி' ராஜாவுக்கு நூறாவது படம்.

அவருக்கு உறுத்தியது, தெருவில் நடந்துபோகிறவன் திடீரென்று வாயைத் திறந்து பாடுவது. அந்தப் பாட்டு எங்கிருந்து வருகிறது என்ற கேள்வி. அதனால் பாட்டைப் பின்னால் ஓடவிட்டு, முன்னால் மனிதர்களை நடக்கவும் சமைக்கவும் விடுவார். பாடித்தான் ஆக வேண்டும் என்றால் காரணம் வைப்பார். 'என் இனிய பொன் நிலாவே' பாடுகிறவன் கையில் கிதார் இருக்கும். 'கண்ணே கலைமானே' தாலாட்டு. 'பொன்மேனி உருகுதே'வுக்கு என்ன காரணம் என்று அடுத்த கடிதம் வரும், தெரியும். அதற்குக் காரணம் விநியோகஸ்தர். அந்த ரீலுக்கு மட்டும் யாரும் ஆபரேட்டரைத் திட்டவில்லை.

கறுப்பான, ஒப்பனை இல்லாத நாயகிகளையே அவர் ஏன் தேடினார்?
(கல்லூரி ஆசிரியை, மதுரை)

ஷோபா, அர்ச்சனா இரண்டு பேரையும் மனதில் வைத்துக் கேட்கிறீர்கள். ரசனை ஒரு பக்கம் இருக்கட்டும், தொழில் காரணம் ஒன்றும் உண்டு. கனத்த பான்கேக் மேக்கப், நேரே அடிக்கிற விளக்குக்காகப் பிறந்தது. அதே முகத்தை ஜன்னலோரம் உட்காரவைத்தால் சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி தட்டையாகிவிடும். மாநிறத் தோலில் பக்கத்து வெளிச்சம் விழுந்தால் நெற்றியில் ஒரு மினுமினுப்பு, கன்னத்தில் ஒரு சரிவு, கழுத்தில் வேர்வை எல்லாம் தெரியும். 1979-இல் வந்த 'அழியாத கோலங்கள்' அவர் தமிழில் இயக்கிய முதல் படம். அதில் ஷோபா டீச்சராக வருவார். பையன்கள் மூன்று பேரும் அவரைப் பார்த்துக் கிறங்குவதை நம்ப முடிந்ததே, அப்படி ஒரு டீச்சர் எல்லா ஊர்ப் பள்ளிக்கூடத்திலும் இருந்ததால்தான்.

சொந்த வீடு கட்டிக்கொண்டிருக்கிறேன். 'வீடு' படத்தை இப்போது பார்க்கலாமா?
(திருச்சி வாசகர்)

கூரை போட்ட பிறகு பாருங்கள்.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. கட்டட வேலை நடக்கும்போது பார்த்தால் உங்கள் மேஸ்திரியோடு சண்டைக்குப் போய்விடுவீர்கள். ஒரு நடுத்தர வீட்டுப் பெண், தங்கை, தாத்தா. குடியிருக்கும் வீட்டைக் காலி செய்யச் சொல்கிறார்கள். கையில் கொஞ்சம் மனை. அதில் ஒன்றை விற்று இன்னொன்றில் கட்டலாம் என்று இறங்குகிறார்கள். கான்ட்ராக்டர் சிமென்ட் மூட்டையைக் கடத்துகிறான், சித்தாள் வேலை பார்க்கும் பெண்தான் அதை எதிர்த்துக் கேட்கிறாள். இதுதான் கதை. பாட்டு கிடையாது. இளையராஜா ஏற்கெனவே வெளியிட்டிருந்த 'ஹவ் டு நேம் இட்' இசைத்தொகுப்பிலிருந்து எடுத்துப் பின்னணிக்கு வைத்திருக்கிறார். 1988-இல் வந்தது. அர்ச்சனாவுக்குத் தேசிய விருது.

எங்கள் தியேட்டரில் நாலு நாள் ஓடியது. கூட்டமில்லை. நானே ஓட்டி நானே பார்த்த படம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் தாத்தாவாக வரும் சொக்கலிங்க பாகவதர், பாதி கட்டிய வீட்டைப் பார்க்கத் தனியாகக் கிளம்பிப் போவார். ஜன்னல் சட்டம் இன்னும் வைக்கவில்லை, கதவு இல்லை. சுவரில் வெறும் ஓட்டைகள். அந்த ஓட்டைகள் வழியாக வருகிற பகல் வெளிச்சத்தில் ஒவ்வொரு அறையாக நடப்பார். சுவரைத் தடவிப் பார்ப்பார். பூசாத செங்கல் சுவர். பேசுவதற்கு ஆள் இல்லை, அதனால் பேச்சு இல்லை. கேமரா அவரை அவசரப்படுத்தாது. கிழவர் எந்த வேகத்தில் நடப்பாரோ அந்த வேகம்தான் காட்சியின் வேகம். வேறு படமாக இருந்தால் நடுவில் கைதட்டி, "ஓட்டுடா" என்று சொல்லியிருப்பார்கள். இருந்த முப்பது பேரும் கம்மென்று இருந்தார்கள். அங்கிருந்து திரும்பும்போது அவர் உயிர் போய்விடும்.

அந்த நடை முழுக்க அவர் முகத்தில் ஒரு சந்தோஷம் இருக்கும். சாகப் போகிறார் என்பதற்கு எந்த ஜாடையும் கிடையாது. இருமல் இல்லை, நெஞ்சைப் பிடிப்பது இல்லை. பொதுவாக நம் படங்களில் தாத்தா இருமினால் அடுத்த ரீலில் மாலை போட்ட படம் தொங்கும்.

அந்த மனைக்கு முடிவில் என்ன ஆகிறது என்பதைச் சொல்லமாட்டேன். பத்திரத்தை மட்டும் இன்னொரு தடவை வில்லங்கம் பார்த்துவிடுங்கள்.

இவ்வளவு புகழ்கிறீர்களே, அவர் இங்கிலீஷ் படங்களைப் பார்த்து எடுத்தவர்தானே?
(சென்னை வாசகர்)

சிலவற்றுக்கு மூலம் வெளியேதான். 'ஜூலி கணபதி'க்கு இங்கிலீஷ் படமான 'மிசரி', 'மறுபடியும்' இந்தி 'அர்த்'தின் மறுஆக்கம். இரண்டு பெண்களுக்கு நடுவில் தவிக்கும் ஆண் என்ற கதையை அவர் விடவே இல்லை. 'இரட்டைவால் குருவி'யும் 'சதிலீலாவதி'யும் சிரிக்கவைக்கும் என்றாலும், அந்த ஆணிடம் அவருக்கு இருந்த கரிசனம் எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே படும். அவன் வீட்டில் காத்திருக்கும் பெண்ணின் பக்கம் கேமரா இன்னும் கொஞ்ச நேரம் நின்றிருக்கலாம். 'மறுபடியும்' மட்டும் அந்தப் பக்கம் நின்றது. அதனால்தான் இன்றைக்கும் நிற்கிறது. 1984-இல் மசாலாவாக ஒரு படம் எடுத்து அதற்கு 'நீங்கள் கேட்டவை' என்றே பெயர் வைத்தார். பழியை நம் தலையில் கட்டிய தலைப்பு!

டேவிட் லீன் கத்தியதும் மழை பெய்ததாம், அதைப் பார்த்துத்தான் இவர் சினிமாவுக்கு வந்தாராம். நம்பலாமா?
(விருதுநகர் வாசகர்)

அவரே சொன்ன கதைதான். மட்டக்களப்புப் பக்கத்துப் பையன், பள்ளிச் சுற்றுலாவில் இலங்கையில் நடந்த 'பிரிட்ஜ் ஆன் தி ரிவர் க்வாய்' படப்பிடிப்பைப் பார்க்கிறான். அதன் டைரக்டரான வெள்ளைக்காரர் டேவிட் லீன் "ரெயின்" என்று கத்துகிறார், மழை கொட்டுகிறது. எனக்கு இதில் பிடித்தது வேறொன்று. ஆணையிட்டு மழை வரவழைத்தவரைப் பார்த்து மயங்கிய பையன், வளர்ந்து, வெயில் எப்படி வருகிறதோ அப்படியே வாங்கிக்கொள்ளும் கேமராக்காரன் ஆனான்.

அவர் சீடர்களில் யாரிடம் அவர் பாணி தெரிகிறது?
(வேலூர் வாசகர்)

பாலா, வெற்றிமாறன், ராம், சீனு ராமசாமி என்று பட்டியல் நீளம். யாரும் அவரைப் போல எடுக்கவில்லை, அது அவருக்குப் பெருமை. பாலா படத்தில் வருகிற கூச்சல் குருவின் படத்தில் ஒரு நாளும் கேட்டதில்லை. ஆனால் ஒப்பனை பூசாத முகமும், நிஜத் தெருவும், கதையை இலக்கியத்திலிருந்து எடுக்கலாம் என்ற தைரியமும் அந்த வீட்டுச் சொத்து. சின்னத்திரையில் 'கதை நேரம்' என்று சிறுகதைகளை வரிசையாகப் படமாக்கினாரே, மாணவர்கள் அதைத் தேடிப் பாருங்கள். இருபது சொச்சம் நிமிஷத்தில், கையில் இருக்கும் வசதிக்குள் எப்படிக் கதை சொல்வது என்பதற்கு அதைவிடப் பாடம் இல்லை. கடைசிப் படமான 'தலைமுறைகள்' 2013 டிசம்பரில் வந்தது. வழக்கமான தொப்பியைக் கழற்றிவிட்டுத் தாத்தாவாக நடித்தார். இரண்டு மாதத்தில், 2014 பிப்ரவரி 13 அன்று போய்விட்டார்.

அவர் வைத்த வெளிச்சத்தில் ஒன்றே ஒன்று சொல்லுங்கள் என்றால் எதைச் சொல்வீர்கள்?
(பொள்ளாச்சி வாசகி)

'யாத்ரா'வின் கடைசி. 1985, மலையாளம். மம்முட்டியும் ஷோபனாவும்.

சிறையிலிருந்து விடுதலையாகி ஊருக்குப் போகிறவன், பஸ்ஸில் கூட வருகிறவர்களிடம் தன் கதையைச் சொல்லிக்கொண்டு போகிறான். முன்பே அவளுக்கு எழுதியிருக்கிறான்: எனக்காக இன்னும் காத்திருந்தால் ஒரு விளக்கு ஏற்றிவை, விளக்கில்லையென்றால் நான் இறங்காமல் அப்படியே போய்விடுகிறேன். பஸ் நெருங்க நெருங்க, கதை கேட்ட அத்தனை பேரும் அவனைவிட அதிகமாகப் பதறுகிறார்கள். அவனுக்கு வெளியே பார்க்கவே தைரியம் இல்லை. பார்த்தால், ஒரு விளக்கு இல்லை. கண்ணுக்கு எட்டிய மட்டும் விளக்கு. நடுவில் அவள்.

முகத்துக்கு எங்கிருந்து வெளிச்சம் வருகிறது என்று நான் கேட்காமல் விட்ட ஒரே காட்சி அது. அங்கே வெளிச்சம்தான் பதில் சொல்கிறது.

அது எங்கள் தியேட்டரில் காலைக் காட்சியாக ஓடியது. அந்தக் காலத்தில் எங்கள் ஊரில் மலையாளப் படத்துக்குக் காலைக் காட்சி வருகிறவர்கள் எதற்கு வருவார்கள் என்று உங்கள் வீட்டுப் பெரியவர்களைக் கேட்டால் சொல்லமாட்டார்கள். பதினோரு பேர் வந்திருந்தார்கள். இடைவேளை வரை எதிர்பார்த்தது வரவில்லை. இரண்டு பேர் எழுந்து போனார்கள். மீதி ஒன்பது பேர் கடைசி வரை இருந்தார்கள்.

காட்சி முடிந்து நான் ரீலைத் திருப்பிச் சுற்றிக்கொண்டிருந்தபோது ஒருத்தர் படியேறி மேலே வந்தார். லுங்கி, தோளில் துண்டு. காசைத் திருப்பிக் கேட்கப் போகிறார் என்றுதான் நினைத்தேன். "அந்தப் பொண்ணு எத்தனை வருஷம்யா காத்துக் கெடந்துச்சு?" என்று கேட்டார். எனக்கும் மலையாளம் அரைகுறை. தெரியலைண்ணே என்றேன். கொஞ்ச நேரம் மெஷினையே பார்த்துக்கொண்டு நின்றார். அப்புறம், கார்பன் குச்சி ஒரு துண்டு கிடைக்குமா, பையன் சிலேட்டில் எழுதுவானா என்று கேட்டு வாங்கிக்கொண்டு போனார்.